வாக்கு மாறும் வல்லரசு: கூட்டாளி நாடுகளுக்கு முன்னால் நான்கு வழிகள்

உலகச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான். "டிரம்ப் நாளுக்கு ஒன்று பேசுகிறார். ஐரோப்பாக்காரர்கள் ஏன் இன்னும் அவர் பின்னாலேயே போகிறார்கள்? வெட்டிக்கொண்டு வந்தால் என்ன?" இதற்கு நேர் எதிராகக் கேட்பவர்களும் உண்டு. "ரஷ்யா வாசலில் நிற்கும்போது அமெரிக்காவைப் பகைத்துக்கொள்ள முடியுமா?" ஒட்டுவதா, வெட்டுவதா என்று இரண்டு தரப்புமே இரண்டு வழியைத்தான் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்து குறைந்தது நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கிலும் ஏதோ ஒரு நாடு, ஏதோ ஒரு போரின் நடுவில் நடந்து பார்த்திருக்கிறது. என்ன கிடைத்தது, என்ன போனது என்ற கணக்கும் கையில் இருக்கிறது.

இந்தக் கேள்வி சூடு பிடித்தது 2025 பிப்ரவரியில். 12-ம் தேதி டிரம்ப் புதினுடன் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தொலைபேசியில் பேசினார். 18-ம் தேதி அமெரிக்க, ரஷ்ய அமைச்சர்கள் ரியாத்தில் உட்கார்ந்தார்கள். உக்ரைனுக்கும் அங்கே நாற்காலி இல்லை, ஐரோப்பாவுக்கும் இல்லை. 24-ம் தேதி ஐ.நா. பொதுச் சபையில் ரஷ்யப் படையெடுப்பு பற்றிய உக்ரைன் தீர்மானத்தை 93 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த 18 நாடுகளில் ரஷ்யாவும் இருந்தது, அமெரிக்காவும் இருந்தது. 28-ம் தேதி வெள்ளை மாளிகையில், கேமராக்களுக்கு முன்னால், போரில் இருக்கும் உக்ரைனின் அதிபர் ஜெலென்ஸ்கியை உட்கார வைத்துத் திட்டினார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உதவி கேட்டு வந்தவரை இப்படியா நடத்துவது என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

சரி, வருத்தத்தை வைத்து முடிவு எடுக்க முடியாது. எதை வைத்து எடை போடுவது என்பதை முதலில் வைத்துக்கொள்வோம்.

## அளவுகோல்கள்

மறுநாள் என்ன நிற்கும்? எனக்கு இதுதான் முதல் கேள்வி, எல்லாவற்றிலும் கனமான கேள்வியும் இதுதான். வல்லரசு கோபித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டால், மறுநாள் காலையில் நம் வீட்டில் எது வேலை செய்யாது? 2025 மார்ச் 3 அன்று உக்ரைனுக்கான ஆயுத உதவியை அமெரிக்கா நிறுத்தியது. 5-ம் தேதி உளவுத் தகவல் நின்றது. அமெரிக்க அரசுத் திட்டம் வழியாக வந்துகொண்டிருந்த செயற்கைக்கோள் படங்களும் நின்றன. அமெரிக்காவும் உக்ரைனும் ஜெட்டாவில் பேசிய பிறகு 11-ம் தேதிதான் எல்லாம் திரும்ப வந்தன. எட்டே நாள்தான். ஆனால் பீரங்கியும் குண்டும் இருந்தும், எதிரி எங்கே இருக்கிறான் என்று சொல்லும் கண் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த எட்டு நாளில் ஐரோப்பியத் தலைநகரங்கள் எல்லாம் பார்த்தன.

பணமும் காலமும். பணத்தைக் கடன் வாங்கலாம். காலத்தை அப்படி வாங்க முடியாது.

மேசையில் நாற்காலி. பேச்சுவார்த்தை நடக்கும்போது நமக்கு இடம் இருக்குமா? வியட்நாம் போரின்போது, 1972 அக்டோபரில் அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிசிஞ்சர், வட வியட்நாம் அரசுடன் பேசி முடித்த ஒப்பந்த வரைவை எடுத்துக்கொண்டு சைகோன் வந்தார். தென் வியட்நாம் அதிபர் தியூ கைக்கு வந்தது ஆங்கிலப் பிரதி. தன் நாட்டின் தலைவிதி எழுதிய தாளைத் தன் மொழியில் படிக்க அவர் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் உக்ரைன் போரை முடிக்க அமெரிக்கா முன்வைத்த 28 அம்சத் திட்டம் வெளியே வந்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்தத் தாள்தான்.

சொந்த மக்கள் தாங்குவார்களா? அப்புறம் கடைசியாக, திரும்பி வர வழி உண்டா? ஆட்சி மாறும், ஆள் மாறுவார். இன்று இடித்த சுவரை நாளைக்குக் கட்ட முடிய வேண்டும்.

## வழி 1: ஒட்டிக்கொண்டே போவது

வல்லரசு என்ன சொன்னாலும் பக்கத்தில் நிற்பது. பக்கத்தில் நின்றால்தான் காதில் பேச முடியும், ஆபத்து வந்தால் கைகொடுப்பார்கள் என்பது கணக்கு.

இதை முழு மனதோடு செய்த நாடு ஆஸ்திரேலியா. 1965 ஏப்ரல் 29 அன்று பிரதமர் மென்சீஸ் வியட்நாமுக்கு ஒரு படைப்பிரிவை அனுப்புவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு வாஷிங்டன் போன புதிய பிரதமர் ஹோல்ட், அமெரிக்க அதிபர் ஜான்சனோடு கடைசி வரை வருவோம் என்றார். சுமார் 60,000 பேர் அந்தப் போருக்குப் போனார்கள். 500-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அதில் குலுக்கல் முறையில் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்ட இளைஞர்களும் உண்டு.

பதிலுக்கு என்ன கிடைத்தது? 1971 ஜூலையில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எதிர்க்கட்சித் தலைவர் விட்லம் பெய்ஜிங் போய்ச் சீனப் பிரதமர் சௌ என்லாயைச் சந்தித்தார். 12-ம் தேதி பிரதமர் மக்மேன் அதைக் கடுமையாகக் கேலி செய்தார், சௌ என்லாய் விட்லமைத் தூண்டிலில் மாட்டிய மீனைப் போல விளையாட்டு காட்டிவிட்டார் என்று. மக்மேன் அப்படிப் பேசியபோது கிசிஞ்சர் ரகசியமாகப் பெய்ஜிங் போய்ப் பேசிவிட்டுத் திரும்பியிருந்தார். 15-ம் தேதி நிக்சன், தானே சீனா போகப்போவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். ஐநூறு பேரைப் பறிகொடுத்த கூட்டாளிக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் விட்லம் ஜெயித்தார்.

இந்த வழியில் கண்ணுக்குத் தெரியாத செலவு இதுதான். விசுவாசத்தை வங்கியில் போட்டு வைத்து, தேவைப்படும்போது எடுக்க முடியாது. டென்மார்க்கைப் பாருங்கள். ஆப்கானிஸ்தானில் அமெரிக்காவோடு நின்று 40-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் மிகப் பெரிய இழப்பு. 2025 ஜனவரியில் அதே டென்மார்க்கின் கிரீன்லாந்தை எடுத்துக்கொள்ளப் படைபலத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி தர டிரம்ப் மறுத்தார்.

இன்னொரு செலவும் உண்டு. ஒட்டி நிற்பவர் விலை பேச முடியாது. 2025 ஜூலை 27 அன்று ஸ்காட்லாந்தில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லெயன் பெரும்பாலான ஐரோப்பியப் பொருட்களுக்கு 15 சதவீத வரியை ஏற்றுக்கொண்டு வந்தார். இது வெறும் வணிகம் இல்லை, பாதுகாப்பும் உக்ரைனும் இதில் இருக்கின்றன என்று மறுநாள் ஐரோப்பிய வணிக ஆணையரே சொன்னார். அதாவது பாதுகாப்புக்கான பயத்தை வரியாகக் கட்டினார்கள்.

ஆனாலும் இதைச் சும்மா ஒதுக்கிவிட மாட்டேன். அமெரிக்க ஆயுதங்களை ஐரோப்பியப் பணத்தில் வாங்கி உக்ரைனுக்குக் கொடுக்கும் ஏற்பாடு 2025 ஜூலையில் உருவானது இப்படி ஒட்டி நின்றதால்தான். அமெரிக்காவின் வான் பாதுகாப்பு ஏவுகணையான பேட்ரியட்டுக்கு ஐரோப்பாவிடம் போதுமான மாற்று இன்று இல்லை. வானத்திலிருந்து குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஊருக்கு நாளைக்கே ஏவுகணை வேண்டும் என்றால், மானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வாங்குவது தப்பே இல்லை.

## வழி 2: உள்ளே இருந்தபடி மறுப்பது

கூட்டணியை விட்டுப் போகாமல், குறிப்பிட்ட ஒன்றுக்கு மட்டும் "இதற்கு நான் வர மாட்டேன்" என்பது.

1965 ஏப்ரல் 2. கனடா பிரதமர் பியர்சன் பிலடெல்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேசும்போது, வட வியட்நாம் மீதான குண்டுவீச்சைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமே என்று மென்மையாகச் சொன்னார். மறுநாள் கேம்ப் டேவிட்டில் மதிய உணவு. சாப்பாடு முடிந்ததும் ஜான்சன் அவரை வெளித் திண்ணைக்கு அழைத்துப் போய், சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கத்தினார். ஜான்சன் நல்ல உயரம். அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய பியர்சனுக்கு அப்போது 67 வயது.

நான் இதைச் சொல்வது அடுத்து நடந்ததற்காக. அந்த ஜனவரியில்தான் இதே இரண்டு பேரும் கார் உற்பத்தி ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டிருந்தார்கள். ஜான்சன் அதைத் தொடவில்லை. 2001 வரை அது நடந்தது. சட்டையைப் பிடித்த மனிதர்கூட ஒப்பந்தத்தைக் கிழிக்கவில்லை. 2025 ஏப்ரலில் கனடாவின் கார்களுக்கு 25 சதவீத வரி விழுந்தபோது கனடா எந்தப் போரையும் கண்டித்துப் பேசியிருக்கவில்லை. இரண்டாம் வழியின் விலை எப்போது ஏறும் என்றால், கோபமும் ஒப்பந்தமும் தனித்தனி என்ற பழக்கம் எதிராளியிடம் இல்லாமல் போகும்போது.

பிரிட்டன் பிரதமர் வில்சன் இதே வழியில் நடந்தவர். வாயளவில் ஆதரவு, படை மட்டும் கிடையாது. பேக்பைப் வாசிக்கும் ஒரு சிறு குழுவை அனுப்பினால்கூடப் போதும் என்று ஜான்சன் கேட்டுப் பார்த்தார். அவருக்கு வேண்டியிருந்தது பிரிட்டிஷ் கொடி. வில்சன் அசையவில்லை. 1966 ஜூனில் ஹனோய், ஹைபோங் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு விழுந்தபோது வெளிப்படையாகவே விலகி நின்றார். பவுண்டு சரியாமல் காக்க அமெரிக்கப் பணம் தேவைப்பட்ட காலம் அது. அப்படியும் சமாளித்தார். மலேசியாவைக் காக்கப் பல்லாயிரம் பிரிட்டிஷ் வீரர்கள் போர்னியோ காடுகளில் நின்றது அவருக்கு நல்ல சாக்காக இருந்தது. வியட்நாமில் ஒரு பிரிட்டிஷ் தலைமுறை சாகாமல் தப்பியது இப்படித்தான். நான் இதைக் கோழைத்தனம் என்று நினைக்கவில்லை.

2003-ல் ஜெர்மனியின் ஷ்ரோடர் இராக் போரைப் பகிரங்கமாக எதிர்த்தார். ஆனால் ஜெர்மனியில் இருந்த அமெரிக்கத் தளங்களையும் வான்வழியையும் தடுக்கவில்லை. ஜெர்மன் வீரர்களே அந்தத் தளங்களுக்குக் காவல் நின்றார்கள். மேடையில் ஒன்று, மேடைக்குப் பின்னால் இன்னொன்று. நேர்மையைப் பார்த்தால் உறுத்துகிறது. ஆனால் திரும்பி வர வழி வேண்டும் என்ற அளவுகோலில் இது முதலிடம் வாங்கும்.

2025 ஜூனில் நேட்டோ ராணுவக் கூட்டணியின் ஹேக் மாநாட்டில், நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 சதவீதப் பாதுகாப்புச் செலவுக்கு ஸ்பெயினின் சான்செஸ் ஒப்புக்கொள்ளவில்லை, 2.1 போதும் என்றார். இரண்டு மடங்கு வரி போடுவேன் என்றார் டிரம்ப். ஆனால் வணிகத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் ஒரே குடையின் கீழ் இருக்கும்போது ஸ்பெயினை மட்டும் தனியாகப் பிடித்து வரி போடுவது எளிதில்லை. கனடாவுக்கு அந்தக் குடை இல்லை. மறுப்பதற்கு முன் தலைக்கு மேல் குடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

## வழி 3: சொந்தக் கையில் நிற்பது

இதன் முகம் பிரான்ஸ் அதிபர் டி கோல். 1966 மார்ச் 7 அன்று ஜான்சனுக்குக் கடிதம் எழுதினார். பிரான்ஸ் நேட்டோவின் கூட்டுப் படைத் தலைமையிலிருந்து விலகும், பிரெஞ்சு மண்ணில் இருக்கும் வெளிநாட்டுப் படைகள் போய்விட வேண்டும் என்று. 1967 ஏப்ரல் 1 கெடு. நேட்டோ தலைமையகம் பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குப் பெட்டி கட்டியது. 1966 செப்டம்பரில் அவர் கம்போடியாவின் நோம்பென்னில் பெருங்கூட்டத்தில் நின்று வியட்நாம் போரைக் கண்டித்தார்.

இந்தத் துணிச்சலைப் புகழ்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். பிரான்ஸ் முதல் அணுகுண்டை வெடித்தது 1960 பிப்ரவரியில். அதைச் சுமக்கும் மிராஜ் விமானங்கள் பணிக்கு வந்தது 1964-ல். முதலில் குண்டு, அப்புறம் கடிதம். நடுவில் ஆறு ஆண்டு. 1962 கியூபா நெருக்கடியில் இதே டி கோல் கென்னடியோடு தயங்காமல் நின்றார் என்பதையும் மறக்கக் கூடாது. படைத் தலைமையிலிருந்து விலகிய பிறகும் நேட்டோ உறுப்பினராகவே இருந்தார். போர் வந்தால் எப்படிச் சேர்ந்து நிற்பது என்று தளபதிகள் அளவில் 1967-ல் ஒரு ரகசிய ஏற்பாடும் ஆனது. 2009-ல் பிரான்ஸ் கூட்டுத் தலைமைக்குத் திரும்பியபோது கதவு திறந்தே இருந்தது.

இந்த வழியின் முழுச் செலவையும் பாரிஸ் கட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அல்ஜீரிய சகாராவில் 17 சோதனைகள். அப்புறம் 1966 முதல் 1996 வரை பிரெஞ்சுப் பாலினீசியாவில் 193. அந்தத் தீவுக்காரர்களை யாரும் கேட்கவில்லை. "தன்னாட்சி" என்ற அழகான சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வருகிறது.

இன்றைய ஐரோப்பா இந்தப் பக்கம்தான் நகர்கிறது. 2025 பிப்ரவரியில் தேர்தலில் ஜெயித்த இரவே ஜெர்மனியின் மெர்ஸ், அமெரிக்காவிடமிருந்து படிப்படியாக விடுபட வேண்டும் என்றார். பாதுகாப்புக்குக் கடன் வாங்க ஜெர்மனி தன் அரசியல் சட்டத்தையே மார்ச்சில் திருத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 150 பில்லியன் யூரோ கடன் நிதியை மே மாதத்தில் ஏற்றுக்கொண்டது. டென்மார்க் பேட்ரியட்டை விட்டுவிட்டு, பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து செய்யும் வான் பாதுகாப்பு ஏவுகணையைத் தேர்ந்தெடுத்தது. எல்லாம் நல்ல தொடக்கம். ஆனால் மறுநாள் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். பிரிட்டனின் அணு ஏவுகணைகள் அமெரிக்காவோடு பகிர்ந்துகொள்ளும் இருப்பிலிருந்து வருபவை. அதே பிரிட்டன் 2025 ஜூனில் மேலும் 12 அமெரிக்க எஃப்-35 போர் விமானங்களை வாங்குவதாக அறிவித்தது. அதன் உதிரி பாகமும் மென்பொருளும் எங்கிருந்து வரும்? 2025-ல் பிரான்சிடம் இருந்தது முந்நூறுக்கும் குறைவான அணுகுண்டுகள். அதை நம்பி ரஷ்ய எல்லையில் இருக்கும் எஸ்டோனியாக்காரர் நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

பணக்கார நாடு, பத்தாண்டு பொறுமை, அடுத்தடுத்த அரசுகள் மாற்றாமல் தொடரும் திட்டம். இந்த மூன்றும் இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. ஒன்று குறைந்தாலும் பாதி கட்டிய வீடுதான்.

## வழி 4: இரண்டு வாசல் வைப்பது

துருக்கியின் வழி. கூட்டணியிலும் இருப்பது, எதிர்ப்பக்கத்தோடும் பேசுவது. 1964-ல் சைப்ரஸ் பிரச்சினையில் ஜான்சன் எழுதிய கடிதம்தான் தொடக்கப் புள்ளி. நீங்கள் சைப்ரஸில் இறங்கி சோவியத் வந்தால் நேட்டோ காப்பாற்றும் என்று எண்ணாதீர்கள் என்ற பொருளில் வந்த அந்த வரியைத் துருக்கி மறக்கவே இல்லை. 2003 மார்ச் 1 அன்று அமெரிக்கப் படைகளை அனுமதிக்கும் தீர்மானத்துக்கு நாடாளுமன்றத்தில் 264 ஆதரவு, 250 எதிர்ப்பு, 19 நடுநிலை. தேவையான பெரும்பான்மைக்கு மூன்று வாக்கு குறைந்தது. நான்கு மாதம் கழித்து வட இராக்கில் துருக்கி வீரர்களை அமெரிக்கப் படையினர் பிடித்துத் தலையில் பை மாட்டி அழைத்துப் போனார்கள். துருக்கியில் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

2022-ல் இந்த வழி உலகத்துக்கே உதவியது. உக்ரைனுக்கு டிரோன் விற்ற அதே துருக்கி ரஷ்யாவோடும் பேசியதால்தான் ஜூலையில் இஸ்தான்புல்லில் உக்ரைன் தானியத்தைக் கடல் வழியே அனுப்பும் ஒப்பந்தம் சாத்தியமானது. விலை? ரஷ்யாவிடமிருந்து எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணை வாங்கியதற்காக 2019-ல் எஃப்-35 திட்டத்திலிருந்து வெளியேற்றினார்கள். கட்டியிருந்த 1.4 பில்லியன் டாலர் மாட்டிக்கொண்டது. கருங்கடலுக்கான இரண்டு ஜலசந்திகளின் சாவி கையில் இருப்பதால் துருக்கியால் இதைத் தாங்க முடிந்தது. அந்தச் சாவி இல்லாதவர் இதை முயன்றால் இரண்டு வாசலிலும் பூட்டு விழும்.

## ஒரே பார்வையில்

| | ஒட்டிப் போவது | உள்ளிருந்து மறுப்பது | சொந்தக் கை | இரண்டு வாசல் |
|---|---|---|---|---|
| மறுநாள் என்ன நிற்கும் | எல்லாமே | ஏறக்குறைய எல்லாமே | வேலை முடிந்திருந்தால் கொஞ்சம்தான் | பாதி |
| பணம், காலம் | இன்று குறைவு, நாளை தெரியாது | குறைவு | மிக அதிகம், 5–10 ஆண்டு | நடுத்தரம் |
| மேசையில் இடம் | தருவார்கள், உறுதி இல்லை | சில நாள் கிடைக்காது | தானே மேசை போடலாம் | நடுவராக உண்டு |
| சொந்த மக்கள் | போர் நீண்டால் கோபம் | பெரும்பாலும் ஆதரவு | வரி ஏறும்போது முணுமுணுப்பு | பெருமிதம் |
| திரும்பும் வழி | தேவையே இல்லை | எளிது | நீண்ட காலம் ஆகும் | இரண்டு பக்கமும் சந்தேகம் |

## யாருக்கு எது?

ரஷ்ய எல்லையில் இருக்கும் சிறிய பால்டிக் நாடுகளுக்கு முதல் வழியை விட்டால் இப்போதைக்கு வேறில்லை. அதோடு போலந்து செய்வதைப் போல ஆயுதக் கடையைப் பிரித்து வைக்கலாம். போலந்து அமெரிக்க டாங்கும் வாங்குகிறது, தென் கொரிய டாங்கும் வாங்குகிறது. தொலைவில் இருக்கும், குடையும் உள்ள ஸ்பெயின் போன்றவர்களுக்கு இரண்டாவது. பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் மூன்றுக்கும் மூன்றாவதைத் தவிர வேறு எதுவும் நேர்மையான பதிலாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டும்.

கனடாவின் நிலைதான் மனத்தைப் பிசைகிறது. 2025 மார்ச்சில் பிரதமர் கார்னி, பழைய உறவு முடிந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆர்க்டிக் ரேடாரை ஆஸ்திரேலியாவிடமிருந்து வாங்கப் போனார், 88 எஃப்-35 ஒப்பந்தத்தை மறுபரிசீலனைக்கு அனுப்பினார். ஆனால் ஏற்றுமதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தெற்கே அமெரிக்காவுக்குத்தான் போகிறது. வான் பாதுகாப்பு 1958 முதல் கூட்டுத் தலைமையில் நடக்கிறது. அங்கே மூன்றாவது வழி ஒரு தலைமுறை வேலை. அதுவரை பியர்சனைப் போலச் சொல்ல வேண்டியதை மெதுவாகச் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு இழையாக மாற்ற வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் வழியைவிட வரிசை முக்கியம். கண்ணாக இருக்கும் செயற்கைக்கோள், வானைக் காக்கும் ஏவுகணை, உதிரி பாகம். இந்த மூன்றுக்கும் மாற்று வரும் வரை ஒட்டி நின்று வாங்க வேண்டியதை வாங்க வேண்டும். அந்த நேரத்திலேயே கட்ட வேண்டியதைக் கட்ட வேண்டும். கடிதம் அதற்கு அப்புறம்.

உக்ரைன் தானே இதைத்தான் செய்கிறது. பிப்ரவரி அவமானத்துக்கு நான்கு நாள் கழித்து, டிரம்ப் தலைமையில் அமைதிக்கு உழைக்கத் தயார் என்று ஜெலென்ஸ்கி எழுதினார். ஏப்ரல் 30 அன்று கனிம ஒப்பந்தத்தில் கையெழுத்தானது. அதே மாதங்களில் உள்நாட்டு டிரோன் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடின. ஆகஸ்ட் 18 அன்று அவர் மறுபடியும் அதே வெள்ளை மாளிகைக்குப் போனார். இந்த முறை ஸ்டார்மர், மக்ரோன், மெர்ஸ், மெலோனி, ஸ்டப், வான் டெர் லெயன், ருட்டே என ஐரோப்பிய, நேட்டோ தலைவர்கள் ஏழு பேர் கூடவே வந்திருந்தார்கள்.